யாரும் என்னைக் கேட்கவில்லை

ஜனவரி 6, செவ்வாய்

ரப்பர் இலை உதிரத் தொடங்கிவிட்டது. காலையில் பால்வெட்டு முடித்துத் திரும்பும்போது தோட்டம் முழுக்கச் சருகு. மிதித்தால் பப்படம் நொறுங்குகிற சத்தம். பாலும் பாதியாகக் குறைந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் வெட்டலாம். அதற்குப் பிறகு தளிர் வந்து இலை முற்றுகிற வரை மரத்தில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. மரத்துக்கு அந்த நியாயமாவது உண்டு.

இது ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்காரர் வருடா வருடம் சும்மா கொடுக்கிற டைரி. போன வருடத்து டைரியில் ராபின்சனுடைய மாத்திரை நேரம் மட்டும்தான் எழுதினேன். காலை எட்டு, மாலை எட்டு, காலை எட்டு, மாலை எட்டு. என் கணவரின் உடம்பில் இருப்பது என் கிட்னி. அது அங்கே தங்க வேண்டுமானால் நேரம் தவறக் கூடாது.

இந்த வருடம் எனக்காக எழுதப்போகிறேன். தமிழில் எழுதுவதால் பயமில்லை. நான் பிறந்ததும் படித்ததும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம், கேரளத்துக் குன்னத்துகாலில். இந்த வீட்டில் தமிழ் பேசுவார்கள், படித்தது மலையாளம். மேசைமேல் விரித்து வைத்தாலும் அவருக்கு இது எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும்.

ஜனவரி 11, ஞாயிறு

எரிச்சலில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் சத்தியபாய் டீச்சர் மைக்கைப் பிடித்தார். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி. இந்த வருடம் அறுப்பின் பண்டிகையும் பெண்கள் ஞாயிறும் ஒரே நாளில், பிப்ரவரி எட்டாம் தேதி. அன்று மற்றவர்களுக்கு மாதிரியாக இருக்கிற ஐந்து பெண்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்களாம். ஒவ்வொருத்தியும் மைக்கில் தன் கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம்.

என் பேரைச் சொன்னார். ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாகவே இருந்தது. இந்தப் பகுதியில் பெண்கள் யாரும் பால் வெட்டாத காலத்தில் கத்தியைக் கையில் எடுத்தவள் நான். ஆணுங்க வேலை என்று சிரித்தார்கள். இன்று என்னிடம் படித்த பதினோரு பெண்கள் வெட்டுக்குப் போகிறார்கள். அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பாதி எழுந்துவிட்டேன்.

“தன்னுடைய பர்த்தாவுக்குத் தன் கிட்னியையே தானம் செய்த நம்முடைய ஜிஜா” என்றார் டீச்சர்.

எல்லாரும் கை தட்டினார்கள். பாதி எழுந்தவள் என்ன செய்வேன்? உட்காரவும் முடியாது. நின்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு. பக்கத்து பெஞ்சில் ராபின்சன் தலையை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தார். பரிசு அவருக்குக் கிடைத்த மாதிரி.

ஜனவரி 12, திங்கள்

பதினோரு பேர். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 15, வியாழன்

இன்று முதல் வெட்டு இல்லை. கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருப்பதில்லை. எழுதிவிடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்பு. ராபின்சன் அப்போது மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கால் வீங்கியது, முகம் வீங்கியது, பார்த்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒரு வருடம் அப்படி ஓடியது. பிறகு டாக்டர் சொந்தக்காரர்களை டெஸ்டுக்குக் கூப்பிட்டார். இரண்டு பேருக்குப் பொருந்தியது. ஒன்று நான். இன்னொன்று அவருடைய தம்பி சுந்தரதாஸ். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. ஜலதோஷம்கூட வராத உடம்பு.

அன்று சாயங்காலம் முன்னறையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். அவருடைய அம்மா, என் மாமி, பரிமாறிக்கொண்டே சொன்னாள், “சுந்தரன் வேலைக்குப் போறவனாக்கும். அவனுக்குப் பிள்ளையளு உண்டு. ஜிஜா வீட்டுல உள்ளவதானே.”

வீட்டில் உள்ளவள்! அன்று காலையில் இருநூற்றுப் பத்து மரம் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறி டெஸ்ட் ரிசல்ட் வாங்கப் போனவள். அவனுக்குப் பிள்ளைகள் உண்டாம். பெங்களூரில் நர்சிங் படிக்கிற என் மகளை யார் பெற்றது?

சுந்தரதாஸ் தலையைத் தூக்கவில்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த மீனில் அவ்வளவு முள் கிடையாது. ராபின்சன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார், “பின்னே, ஜிஜா தருவா.”

தருவாள். தரவேண்டியவள் அங்கேதான் நின்றாள், கையில் தண்ணீர்ச் செம்போடு. நாலு அடி தூரம். திரும்பி ‘தருவியா’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

மாமி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இனி அவளிடம் சண்டை போடவும் வழியில்லை. சுந்தரதாஸ் பக்கத்துக் காம்பவுண்டில்தான் இருக்கிறான். ஞாயிறுதோறும் ஒரு சீப்பு பாளையங்கோட்டான் பழம் கொண்டுவந்து வைக்கிறான். கிட்னிக்குப் பதில் பழம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்குள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அதை எழுத இன்று தெம்பில்லை.

ஜனவரி 19, திங்கள்

சர்ச் முக்கில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு பஞ்சாயத்து மெம்பர், தொண்ணூறு வயதிலும் ஆலயத்துக்கு நடந்தே வருகிற ஒரு பாட்டி. கடைசியில் ஆதார் கார்டு மூஞ்சியோடு நான். மற்ற எல்லாருக்கும் கீழே அவரவர் வேலை. எனக்குக் கீழே ‘தியாக தீபம்’.

ராபின்சன் அதைப் போட்டோ பிடித்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்.

“பால்வெட்டுக்காரின்னு போட்டா என்ன கேடு?” என்று கேட்டேன்.

“எடி, அது எல்லாரும் செய்யுத வேலை. இது எத்தற பேரு செய்யும்?”

எல்லாரும் செய்கிற வேலையாம். இவர் ஒரு நாள் செய்திருக்கிறாரா? பட்டையில் கத்தி எவ்வளவு இறங்க வேண்டும் என்று தெரியுமா? கொஞ்சம் மேலே போனால் பால் வராது. ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் புண்ணாகி, அந்த இடத்தில் பிறகு பட்டை நேராக வளராது. பதினாறு வருடமாக ஒரு மரத்தையும் நான் புண்ணாக்கவில்லை. அதை எழுத ஃபிளெக்ஸில் இடமில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

இதற்குத்தான் என்னைத் தீபமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று இன்றுதான் புரிந்தது.

மத்தியானம் ஜோஸ்னாவை அழைத்துக்கொண்டு அவளுடைய மாமியார் வந்தாள். ஜோஸ்னாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவள் கணவன் ஜெனிலுக்கும் இரண்டு கிட்னியும் போய்விட்டது. நாலு மாதமாக டயாலிசிஸ். நல்ல பையன். சபையில் கீபோர்டு வாசிப்பான்.

“இவளுக்கு நீ ஒரு வார்த்தை சொல்லிக் குடு மக்கா” என்றாள் மாமியார். “உன்னைக் கண்டுதான் இவ படிக்கணும். இவளுக்கு ஒரே பேடி, பயப்படுதா. உனக்கு இப்போ என்ன குறைச்சல்? மரம் வெட்டுகே, சொமடு எடுக்கே.”

ஜோஸ்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற யாருக்கும் பொருந்தலியா?” என்று கேட்டேன்.

“அவனுக்க அண்ணன் ஜினுவுக்கும் பொருந்துமுன்னு டாக்டர் சொன்னாருதான். ஆறு மாச லீவுல வந்து நிக்கான். ஆனா அவன் திரும்பி துபாய்க்குப் போகண்டாமா? இவ வீட்டுல உள்ளவதானே.”

ஆள்தான் வேறு, பேச்சு அதேதான்! எழுந்து வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? “எல்லாம் நல்லா வரும்” என்றேன். சாயா போட்டுக் கொடுத்தேன். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

தூ.

ஜனவரி 31, சனி

இன்று ஜோஸ்னா தனியாக வந்தாள். காந்தாரி மிளகாய் வேண்டும் என்று சொல்லித்தான் வந்தாள். செடியில் கை வைக்கவே இல்லை.

“சேச்சி, ஆஸ்பத்திரியில ஒரு ரூமுக்குள்ள தனியா கூப்பிட்டுப் பேசுவாவன்னு சொல்லுதாவ. அங்க உங்ககிட்ட என்ன கேட்டாவ?”

முன்னறையில் ராபின்சன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கிற மாதிரி இருந்தது. நானாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

“சும்மா பேரும் வயசும்தான் மக்கா” என்றேன்.

அவள் நம்பவில்லை. மிளகாய் பறிக்காமலே போய்விட்டாள். கணவரும் மாமியாரும் கொழுந்தனும் சேர்ந்து எனக்குச் செய்ததை நான் ஒருத்தியாக அந்தப் பெண்ணுக்குச் செய்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில்.

பிப்ரவரி 3, செவ்வாய்

சரி. அந்த அறை.

கூட வந்தவர்களையெல்லாம் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள். டாக்டர் இல்லை. கொடுக்கிறவர்களிடம் பேசுவதற்கென்றே வைத்திருக்கிறவள். தண்ணீர் கொடுத்தாள். பேரும் வயதும் கேட்டாள். பிறகு மெதுவான குரலில் மலையாளத்தில் ஒன்று கேட்டாள். இது உங்களுக்குச் சம்மதம்தானா?

நான் தண்ணீரை மடமடவென்று குடித்தேன்.

அவள் சொன்னாள், “விருப்பமில்லையென்றால் இங்கே சொன்னால் போதும். இன்னும் டெஸ்ட் பாக்கி இருக்கிறது. உங்கள் உடம்பு இதற்குப் பொருந்தவில்லை என்று மட்டும் நாங்கள் வெளியே சொல்லிக்கொள்வோம். காரணத்தை யாரிடமும் சொல்லமாட்டோம். உங்கள் கணவரிடம்கூட.”

தப்பிக்க வாசல் திறந்துதான் இருந்தது. அவ்வளவு பெரிய வாசல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சாத்தின கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. மாமியுடைய நீலச் செருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே “சம்மதம்” என்றேன்.

மாமிமேல் கோபம், அவர்மேல் கோபம், சுந்தரதாஸின் பழத்தின்மேல் கோபம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேனே — எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் இந்த ‘சம்மதம்’ மேல்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவர் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டினதில்லை. சில நாள் நினைக்கிறேன், நானே ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன் என்று. சில நாள் இல்லை என்று. எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள விடவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

டீச்சர் என் சாட்சியை அவரே எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ‘என் சரீரத்தின் ஒரு பாகத்தை மகிழ்ச்சியோடு’ என்று தொடங்குகிறது. அடுப்பில் போட்டேன்.

நானே சொல்லப்போகிறேன், எல்லாவற்றையும். அந்த அறையில் என்ன சொல்லலாம் என்பதையும் மைக்கில் சொல்லப்போகிறேன், ஜோஸ்னாவுக்குக் கேட்கட்டும் — இதை லேகாவிடம் சொன்னேன். லேகா பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிறவள். என்னிடம் முதலில் படித்தவளும் அவள்தான். அவள் தலையில் கை வைத்தாள்.

“ஜிஜாக்கா, உங்களுக்குக் கிறுக்கா? அதை மைக்குல சொன்னா ஊரு முழுக்க அறியும். நாளைக்கு அந்தப் பெண்ணுக்குப் பொருந்தலேன்னு ஆஸ்பத்திரியில சொன்னா, அவளுக்க மாமியாரு நம்புவாளா? இவளாக்கும் வேண்டாமுன்னு சொன்னதுன்னு பிடிச்சுக்கிட மாட்டாளா? இருக்குத ஒரு வாசலையும் நீங்களே அடைச்சுப்போடாதிங்க.”

எனக்கு அது தோன்றவே இல்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது. மைக்கில் கத்தியிருந்தால் என் நெஞ்சு ஆறியிருக்கும். அவளுக்கு வாசல் போயிருக்கும்.

அப்படியானால் மைக்கில் ஒன்று. தனியே அவள் காதில் ஒன்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

ஆலயம் நிறைந்திருந்தது. பலிபீடத்துக்கு முன்னால் மேசை போட்டு விளைந்த பொருளெல்லாம் வைத்திருந்தார்கள். வாழைக்குலை, சேனை, மரச்சீனி, பலாக்காய், கால் கட்டின கோழி ஒன்று. கோழி பிரசங்கம் முழுக்க விடாமல் பேசிக்கொண்டிருந்தது. நான் அரை பாட்டில் தேன் கொண்டுபோனேன். போன வருடம் ரப்பர் தளிர்த்த நேரத்துத் தேன்.

மற்ற நாலு பேரும் சாட்சி சொல்லி முடித்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார் டீச்சர். முதல் வரிசையில் ராபின்சன், புதுச் சட்டையில். பெண்கள் பக்கத்தில் ஜோஸ்னா, மடியில் குழந்தை, ஒட்டி உட்கார்ந்து மாமியார். நான் சொன்னது இவ்வளவுதான்:

“எனக்க பர்த்தாவுக்குக் கிட்னி குடுத்தது நானாக்கும். உள்ளதுதான். ஆனா அவருக்க தம்பிக்கும் பொருந்துச்சு. யாரு குடுக்கணும்னு வீட்டுல பேசினப்போ எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல. கேட்டிருந்தா குடுத்திருப்பேனோன்னு எனக்கே தெரியாது. அதுனால என்னைக் காட்டி ஒரு வீட்டுலயும் ஒரு பெண்ணையும் நிர்ப்பந்திக்கண்டாம். குடுக்கது நல்ல காரியம். கேக்காம எடுக்கது நல்ல காரியம் இல்ல. நான் பதினோரு பேருக்குப் பால்வெட்டு படிப்பிச்சிருக்கேன். மாதிரி வேணுமுன்னா அதை எடுங்க.”

கோழி மட்டும் பதில் சொன்னது.

பொன்னாடையை எடுத்து மடித்தேன். அறுப்பின் பண்டிகையில் கிடைத்ததில் முதலாவது ஆண்டவருக்கு என்பதுதானே முறை? கொண்டுபோய் மேசையில் பலாக்காய்க்கும் கோழிக்கும் நடுவில் வைத்தேன். எனக்கு இந்த வருடம் விளைந்தது அது.

பிறகு ஏலம். ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி ஏலம் விளித்துக்கொண்டு வந்தவர், பழக்க தோஷத்தில் “ஒரு பொன்னாடை” என்று அதையும் தூக்கிவிட்டார். ஒரு வாழைக்குலைக்கு அடித்துக்கொண்ட ஆணுங்க எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவரே மடித்து என் கையில் திருப்பித் தந்துவிட்டார்.

அதற்குள் ராபின்சன் போய்விட்டிருந்தார். யாரோடும் பேசாமல் நடந்தே போனாராம்.

சாப்பாடு முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஜோஸ்னா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மாமியார் நாலு பேரைக் கூட்டி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் கிடைத்தது. ஆளுக்கொரு தட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன், அந்த அறையில் என்ன கேட்பார்கள், என்ன சொன்னால் போதும், வெளியே எதைச் சொல்லமாட்டார்கள் என்று.

“போன வாரம் உங்கிட்ட கள்ளம் சொன்னேன் மக்கா. இதாக்கும் உள்ளது. விருப்பம் உண்டுன்னா குடு. இல்லேன்னா குடுக்காத. ரெண்டும் உனக்க தீருமானம். நீ என்ன செய்தேன்னு நான் ஒருநாளும் கேக்கமாட்டேன்.”

அவள் கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள்.

பிப்ரவரி 9, திங்கள்

ராபின்சன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிப்ரவரி 14, சனி

டீச்சர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “சபையை நாணம் கெடுத்திட்டியே. உனக்க பர்த்தா முகத்தை நெனச்சுப் பாத்தியா?” அவர் முகத்தை மட்டும்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஃபிளெக்ஸில் என் படத்தின்மேல் காகிதம் ஒட்டிவிட்டார்கள். நல்லது. அந்தப் போட்டோ எனக்குப் பிடிக்கவே இல்லை.

டீச்சர் போனதும் ராபின்சன் ஆறு நாள் கழித்து வாய் திறந்தார்.

“உனக்கு விருப்பம் இல்லேன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா?”

டி.வி. ரிமோட்டை எடுத்தார்.

“சொல்லுங்க. அன்னைக்கு அந்த மேசையில வச்சு வேண்டாமுன்னு சொல்லியிருந்தா இந்த வீட்டுல எனக்கு ஒருநேரக் கஞ்சி மரியாதையா கெடச்சிருக்குமா?”

எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். மாத்திரை நேரம். ஐந்து நிமிடம் பார்த்தேன். பிறகு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கிட்னி என்னுடையது, பாழாகப் போக விடமாட்டேன்.

இந்த ஞாயிறு சுந்தரதாஸின் பழம் வராது என்று நினைக்கிறேன். நிம்மதி.

மார்ச் 4, புதன்

தளிர் வந்துவிட்டது. தோட்டம் முழுக்கச் செம்பு நிறம்.

லேகா பொங்காலைக்கு ஆற்றுகால் பகவதி கோவிலுக்குப் போய்விட்டு வந்து தெரளி கொண்டுவந்தாள், இலையில் பொதிந்து அவித்த இனிப்புக் கொழுக்கட்டை. வயனை இலை வாசனை. ரோட்டோரத்தில் வெயிலில் நின்று முகமெல்லாம் கறுத்துப்போயிருக்கிறாள், ஆனால் ஒரே சிரிப்பு. “அங்க மூணு செங்கல்லும் ஒரு பானையும் எனக்கே எனக்காக்கும் அக்கா. யாருக்க பெண்டாட்டின்னு ஒருத்தரும் கேக்கல்ல. உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வேண்டி ரெண்டு தெரளி கூட வச்சேன்.”

சபையில் கேட்டால் பிரளயம் வரும். உட்கார்ந்து இரண்டையும் தின்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஜோஸ்னாவை வருகிற வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்களாம். டெஸ்ட், பிறகு அந்த அறை.

இன்று ஆலயத்தில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபமா? பயமா? ஒருவேளை கொடுக்கவே தீர்மானித்துவிட்டாளா? அப்படியானால் அதுவும் சரிதான். ஜெனில்மேல் அவளுக்கு உயிர், எனக்குத் தெரியும். அவள் தீர்மானித்தால் சரி. அவள் தீர்மானித்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கேட்கமாட்டேன் என்று வாக்கு வேறு கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

கதவுக்குக் கீழே செருப்பு தெரியாமல் இருந்தால் போதும் ஆண்டவரே.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ஆராதனை முடிந்து ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லும்போது நாலு பேர் என் கையைப் பிடிக்காமல் போனார்கள். தொண்ணூறு வயதுப் பாட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஏப்ரல் 15, புதன்

விஷு. லேகா கொன்றைப் பூவும் பாயசமும் கொண்டுவந்தாள். மத்தியானம் இடியோடு முதல் கோடை மழை. இன்னும் நாலைந்து நாளில் கத்தி எடுக்கலாம்.

ராபின்சன் மழையில் நனைந்து வந்தார். எங்கே போயிருந்தார் என்று நான் கேட்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே அவராகச் சொன்னார்.

“ஜெனிலுக்க வீட்டுக்குப் போனேன். ஜினுகிட்ட பேசினேன்.”

“என்ன பேசினிய?”

“நான் எனக்க தம்பிகிட்ட கேக்கல்ல. கேட்டா இல்லேன்னு சொல்லிருவானோன்னு பேடி. இவ இல்லேன்னு சொல்லமாட்டான்னு தைரியம். அதுனால இவகிட்டயும் கேக்கல்ல. நீ அப்படி ஒளிஞ்சு நிக்காதன்னு சொன்னேன்.” துண்டைக் கொடியில் போட்டார். திரும்பவும் எடுத்தார். “உங்கிட்ட கேட்டிருக்கணும் ஜிஜா.”

மூன்று வருடம். ஒரு வார்த்தைக்கு மூன்று வருடம்! அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது கோபம்தான். இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடியதா இது, ஈரத் துண்டோடு நின்றுகொண்டு? பின்கட்டுக்குப் போய் மீனை மூன்று தடவை கழுவினேன். மன்னிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

இன்று மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எட்டு மணிக்கு அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மே 11, திங்கள்

ரேஷன் கடையில் ஜோஸ்னாவின் மாமியார். பண்டிகைக்குப் பிறகு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், இன்று வரிசையில் எனக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டாள். நின்றுகொண்டிருந்தாள், நின்றுகொண்டிருந்தாள், கடைசியில் பொறுக்கவில்லை.

“இவளுக்குப் பொருந்தலியாம். எல்லா டெஸ்டும் எடுத்துட்டு போன மாசம் சொல்லிட்டாவ. உடம்புக்குப் பற்றாதாம். ஜினுதான் குடுக்கான், வாற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டான். எனக்க ரெண்டு பிள்ளையளையும் ஒண்ணா கட்டில்ல கிடத்தணும். எனக்க விதி.”

“கஷ்டம்தான் மாமி” என்றேன்.

உண்மையிலேயே பொருந்தவில்லையா, அந்தக் கண்ணாடிக்காரியிடம் அவள் சொன்னாளா — எனக்குத் தெரியாது. ரேஷன் அரிசியைச் சுமந்துகொண்டு வந்தேன். பாதி வழியில் நின்று, யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு ஜினுவுக்கும் ஜெனிலுக்கும் ஜெபம் செய்தேன். மூன்றும் உள்ளதுதான்.

மே 27, புதன்

மழைக்காலத்துக்கு மரத்தில் பிளாஸ்டிக் ஒட்டுகிற வேலை. வெட்டுக்கு மேலே பாவாடை மாதிரி சுற்றிக் கட்டி, தாரில் ஒட்டினால் மழையிலும் பட்டை நனையாது. ஆலயத்தில் திருப்பித் தந்த பொன்னாடையைத்தான் தலையில் கட்டிக்கொண்டு போகிறேன். கொசு அண்டுவதில்லை. நல்ல கனமான துணி.

ஜெனிலுக்கும் ஜினுவுக்கும் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். இருவரும் நன்றாக இருக்கிறார்களாம். இதைச் சொன்னது ஜோஸ்னா. பத்து மணி இருக்கும், குழந்தையோடு தோட்டத்துக்கே வந்துவிட்டாள். என் தலைக்கட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேல்பல் ஒன்று கொஞ்சம் கோணல்.

அந்த அறையைப் பற்றி அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. தார் டப்பாவைக் குழந்தைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தேன். அவள் ஒவ்வொரு மரமாக என் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கத்தியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

“பால்வெட்டு படிக்குதியா மக்கா?” என்று கேட்டேன். “விருப்பம் இல்லேன்னா வேண்டாம்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“கொஞ்சம் ஆலோசிச்சுச் சொல்லட்டா சேச்சி?”

“ஆலோசிச்சுச் சொல்லு. எத்தற நாள் வேணுமோ எடு” என்றேன்.

குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நடந்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பாக்கி நாற்பது மரம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.